ஓடிக்கினே இருக்கட்டும்

இல்லண்ணா, இருங்க, அந்த பட்டன அமுக்காதீங்க. ஆஃப் பண்ணி ஆன் பண்றதெல்லாம் அப்பால. இதுமேல கை வெக்கறதுக்கு முன்னாடி நீங்க தெரிஞ்சிக்க வேண்டியது கொஞ்சம் இருக்குது. வரிசையா சொல்லிடறேன். நடுவுல பேசினீங்கன்னா எனக்கு வரிசை போயிடும்.

மொதல் விஷயம், இது ஆஃப் ஆகக்கூடாது. தோ ஓரத்துல பாருங்க, பேட்டரி செவப்பு காட்டுது. அதனால எல்லாத்துக்கும் முன்னாடி உங்க கடை சார்ஜர் ஒண்ண சொருகிடுங்க. என்னுது ஊட்லயே நின்னுபோச்சு. ரெண்டாவது, இது நெட்டுல இருக்கணும். இப்ப என் போன்ல இருந்து இழுத்துகினு இருக்குது, அத உங்க வைஃபைக்கு மாத்திடுங்க. மூணாவது, இத ஸ்லோ பண்றது எதுன்னு எனக்கு தெரியும். அத கண்டுபுடிச்சி குடுங்கன்னு கேக்கறதுக்கு நான் மாடி ஏறி வரல.

சிரிக்கிறீங்க. இருக்கட்டும். வர்ற கஸ்டமர் எல்லாரும் இதத்தான் சொல்வாங்க போல.

ஆங், அந்த பின்னு சேருது. கொஞ்சம் அழுத்தி சொருகுங்க, இல்லன்னா நழுவிடும். இப்ப சார்ஜ் ஏறுதா? நல்லது. இனிமே நிதானமா பேசலாம்.

பேகா? ஆமா, குண்டாதான் இருக்குது, ஆனா அதுல சார்ஜர் இல்ல. இல்லண்ணா, தேடிப்பாக்க வேணாம். நான் வெச்சத நான் மறப்பனா? என் காலாண்டயே இருக்கட்டும், அது பாட்டுக்கு.

பேரு மெர்சின்னு எழுதிக்குங்க. நம்பரும் சொல்றேன், எழுதிக்குங்க. ஆனா அந்த நம்பருக்கு நீங்க கூப்ட்டா நான் எடுக்க மாட்டேன். ஏன்னு அப்பால சொல்றேன், அதுக்கும் ஒரு எடம் வெச்சிருக்கேன்.

நான் தமிழ் டீச்சர்ணா. எம்.ஏ., பி.எட். கல்யாணத்துக்கு முன்னாடி கவரப்பேட்டையில ஒரு பிரைவேட் ஸ்கூல்ல இலக்கணம் எடுத்துகினு இருந்தேன். இப்ப ஊட்ல இருந்தே. துபாய், மஸ்கட்டுன்னு போய் செட்டில் ஆன நம்ம ஊரு ஜனங்களோட பசங்களுக்கு இதுலதான் கிளாஸ். வேற்றுமை உருபு நடத்திகினு இருப்பேன், பாதியில படம் ஒறஞ்சிடும், மிஸ், வாய தொறந்த மேனிக்கு நின்னுட்டீங்கன்னு பசங்க சிரிக்கும். பூமிகான்னு ஒரு பொண்ணு, நான் நிக்கற நிலைய எல்லாம் போட்டோ புடிச்சி வெச்சிருக்குது. மிஸ் இன்னிக்கு கொக்கு, மிஸ் இன்னிக்கு கொட்டாவின்னு பேரு வேற. நானும் சிரிச்சேன். தெனம் சிரிக்க முடியுமா சொல்லுங்க.

சரி, எங்க கோளாறுன்னு பாக்க ஆரம்பிச்சேன். எனக்கு கம்ப்யூட்டர் தெரியாதுண்ணா. ஆனா தப்பு தேடத் தெரியும், அதுதானே என் பொழப்பு. ஒரு நாளைக்கு ஒண்ணுதான் மாத்தணும். ரெண்ட சேத்து மாத்திட்டா எது வேல செஞ்சுதுன்னு தெரியாம போயிடும். மொத நாள் நெட்ட மாத்தி பாத்தேன். போட்டோவெல்லாம் அழிச்சேன். தூசி இருக்குமோன்னு முடி காய வெக்கற மெஷினால ஊதினேன், எங்க மாமியார் பாத்துட்டு இன்னாடி இது, அதுக்கு தலைக்கு குளிப்பாட்டினியான்னு கேட்டாங்க. எதுக்கும் அசையல. அப்பால, எது எது எவ்ளோ தின்னுதுன்னு காட்டற எடம் ஒண்ணு இருக்குதே, டாஸ்க் மேனேஜர், அத தொறந்து வெச்சிட்டு பக்கத்துல ஒக்காந்துகினு கீர ஆய்ஞ்சேன்.

ஒரே ஒரு வரி. எப்ப பாத்தாலும் அதுதான் மேல வந்து நிக்குது. பேர பாத்தா சவுண்டு சம்பந்தப்பட்டது மாதிரி இருக்குது. நான் ஸ்பீக்கர சுத்தமா மூடிட்டேன், அப்பவும் அது ஓடுது. கிளாஸ் இல்ல, எதுவும் தொறக்கல, சும்மா வெச்சிருக்கேன். கொஞ்ச நேரத்துக்கு ஒருவாட்டி எழுந்து வந்து வயிறு முட்ட தின்னுட்டு மறுபடி படுத்துக்குது. எடுத்து உடலாம்னு அத நிறுத்தினேன்.

கீர ஆய்ஞ்சு முடிக்கல, போன் அடிச்சுது. ஊட்டுக்காரரு. சாப்ட்டியான்னாரு. சாப்ட்டேன்னேன். லேப்டாப்ப மூடிட்டியான்னாரு. இல்லியேன்னேன். சரி சரின்னு வெச்சிட்டாரு. அந்த நேரத்துக்கு எனக்கு ஒண்ணும் தோணல. திரும்பி பாத்தா அந்த வரி தானா வந்து அதே எடத்துல ஒக்காந்துகினு இருக்குது.

மறுநாள் மறுபடி நிறுத்தினேன். போன் அடிச்சுது. அதுக்கு அடுத்த நாள் வேணும்னே நிறுத்தாம உட்டேன். அடிக்கல. அதுக்கும் அடுத்த நாள் நிறுத்தினேன், அடிச்சுது. சாப்ட்டியான்னுதான் ஆரம்பிச்சாரு. அதுக்குமேல பரீட்ச வேணாம்னு உட்டுட்டேன்.

அவரா? சிப்காட்டுல சூப்பர்வைசரு. தகடு அடிக்கற கம்பெனி. அங்க ஆபீஸ்ல இருக்கற கம்ப்யூட்டருக்கெல்லாம் இந்த மாதிரி ஒண்ணு போட்டிருக்காங்களாம், யாரு வேல செய்யறாங்க, யாரு சும்மா ஒக்காந்துகினு இருக்காங்கன்னு பாக்கறதுக்கு. அத பாக்கறதே இவருதான். பெருமையா சொல்வாரு, என் கண்ண மறைச்சி ஒருத்தனும் டீ குடிக்க போவ முடியாதுன்னு. அத கேட்டு நானும் சிரிச்சிருக்கேன்ணா, ஒரு காலத்துல. ஒரு நாள் அவர் குளிக்க போயிருக்கும்போது அவர் போன்ல வெளிச்சம் வந்துது. எம் பேரு இருக்குது, பக்கத்துல பச்சையா ஒரு புள்ளி. வேல செஞ்சா பச்ச. கை வெக்காம உட்டா மஞ்ச. ஆஃப் ஆனாலோ நெட்டு போனாலோ செவப்பு. மஞ்சளுக்கு ஒரு போன் வரும். செவப்புக்கு ஒடனே வரும்.

இல்ல, பேசறது அதுக்கு கேக்காது. பயப்படாம பேசுங்க. அதையும் சோதிச்சி பாத்துட்டேன். ஒரு நாள் இதுக்கு முன்னாடி ஒக்காந்து அவர வாய்க்கு வந்தபடி திட்டினேன். சாயங்காலம் வந்தாரு, ஒண்ணும் கேக்கல. மூஞ்சி தெரியுதான்னு பாக்க இன்னொரு நாள் அழுதேன். அதுக்கும் ஒண்ணும் கேக்கல. ஆனா நெத்திலி கருவாட்டு தொக்கு எப்படி செய்யறதுன்னு தேடி பாத்த அன்னிக்கு, வாசல்ல ஷூ கழட்டும்போதே, இன்னாம்மா, கருவாடு வாடையே வரலன்னாரு. நான் அடுப்பு பத்த வெக்கவே இல்ல அன்னிக்கு. அப்ப புரிஞ்சுபோச்சு. ஸ்கிரீன்ல என்ன இருக்குதோ அது மட்டும்தான் போவுது. அழுதா போவாது, கருவாடு போவும்.

அடிச்சாரான்னு கேக்கறீங்க. இல்ல. ஒரு நாளும் இல்ல. குடிக்கறதும் இல்ல. ஞாயித்துக்கெழம சர்ச்சுல வேதம் வாசிக்கறதே அவருதான், கொரலு அவ்ளோ நல்லா இருக்கும். அதனாலதான் யாருகிட்டயும் சொல்ல முடியல. பாஸ்டரம்மாகிட்ட சொன்னேன், அக்கறையா பாத்துக்கறாரு, உனக்கு இதுல இன்னா பேஜாருன்னாங்க. எங்கம்மா, போன் பண்ணி சாப்ட்டியான்னு கேக்கற புருஷன் எத்தினி பேருக்கு கெடைக்கும்னு கேட்டாங்க. போலீஸா? போயி என்னன்னு சொல்றது? லேப்டாப் ஸ்லோவா இருக்குதுன்னா?

ஒரே நாள்ல இப்படி ஆவலண்ணா. ஸ்கூலுக்கு பஸ்ஸுல போவாத, கூட்டமா இருக்குதுன்னாரு. நியாயமா பட்டுது. அப்பால ஊட்டுல இருந்தே சொல்லிக்குடு, லேப்டாப்பு வாங்கித்தரேன்னாரு. சந்தோஷமாதான் இருந்துது. மார்க்கெட்டுக்கு நானே போறேன், நீ எதுக்கு வெயில்லன்னாரு. ஒவ்வொண்ணும் தனித்தனியா பாத்தா ஒரு தப்பும் சொல்ல முடியாது. மொத்தமா சேத்து பாத்த அன்னிக்கு நான் வாசல் கேட்டாண்ட நின்னு ரொம்ப நாள் ஆகியிருந்துது. கேட்டாண்ட மாமியார் சேர் போட்டு ஒக்காந்துகினு இருப்பாங்க. கெட்டவங்க இல்ல. எங்க போறதா இருந்தாலும், நைனா வந்துடட்டும், அப்பால போவலாம்மான்னுவாங்க. புள்ளைய அவங்க நைனான்னுதான் கூப்புடுவாங்க, ஆந்திரா பக்கத்து வழக்கம். பூட்டெல்லாம் கெடையாது. பூட்டு போட்டிருந்தா, ஒடைக்கணும்னு தோணியிருக்கும்.

பசங்களா? இல்லண்ணா. கர்த்தர் குடுக்கலன்னு எல்லாரும் வருத்தப்படுவாங்க. நானும் வருத்தப்பட்டேன். இப்ப இல்ல.

கொல்லப்பக்கம் மதிலுக்கு அங்காண்ட மோனிகான்னு ஒரு பொண்ணு. ஊட்ல இருந்தே மெட்ராஸ் கம்பெனி ஒண்ணுக்கு வேல செய்யுது. ஒரு நாள் துணி காயப் போடும்போது எட்டிப் பாக்கறேன், லேப்டாப் தொறந்து கெடக்குது, ஸ்கிரீன்ல அம்புக்குறி தன்னால நடுங்கிகினு இருக்குது, மோனிகா அடுப்பாண்ட நின்னு மீன் வறுத்துகினு இருக்குது. இன்னாடி பேயான்னேன். சிரிச்சிட்டு கூப்புட்டு காட்டுச்சு. மவுசுக்கு அடியில ஒரு கைக்கடிகாரம். மவுசுக்கு அடியில ஒரு வெளிச்சம் எரியுதில்ல, அது நேரா கடிகாரத்து மேல. வினாடி முள்ளு சுத்த சுத்த, மவுசு நகருதுன்னு மெஷினு நெனச்சிக்குது. அக்கா, எங்க ஆபீஸ்ல எல்லாரும் இதான் பண்றாங்க, இல்லன்னா மீனு வறுக்க முடியுமான்னுச்சு. சூப்பர்வைசருங்களுக்கு மட்டும்தான் அது தெரியாதாம்.

உங்களுக்கும் இது புதுசா? பாருங்க.

அதுல இருந்து எனக்கு கொஞ்சம் மூச்சு வந்துது. கிளாஸ் முடிஞ்சதும் கடிகாரத்து மேல மவுச வெச்சிட்டு, பின்பக்கமா மோனிகா ஊட்டுக்கு போயிடுவேன். மாமியார் முன்னாடி கேட்டாண்ட. இங்க பச்ச புள்ளி. மோனிகா போன்ல பேச வேண்டியவங்ககிட்ட பேசுவேன், திரும்பி வந்துடுவேன். நான் ஊட்ல இருக்கேன்னு நான் சொன்னா அவர் நம்ப மாட்டாரு. அந்த புள்ளி சொன்னா நம்புவாரு.

அய்யோ. கரண்ட்.

அண்ணா, சார்ஜர்ல லைட்டு போச்சே. இன்வெர்ட்டரு ஃபேனுக்கு மட்டும்தானா? வைஃபை பொட்டிக்கு வராதா? ஆமா, அணைஞ்சுதான் போச்சு. பேட்டரி கொஞ்சம் ஏறியிருக்குது, தாங்கும். ஆனா நெட்டு இல்ல. இருங்க, எதையும் தொடாதீங்க. இவ்ளோ நேரம் நான் சொன்னத நீங்க பாதிதான் நம்பியிருப்பீங்க. என் போன மட்டும் பாத்துகினு இருங்க. பேசாதீங்க. சும்மா பாருங்க.

தோ.

ஹலோ. ஆங், சொல்லுங்க. சாப்ட்டேங்க. நீங்க சாப்ட்டீங்களா? கடையிலதாங்க, கரண்ட் போயிடுச்சு. ஆமா, இப்பதான். இல்லங்க, பக்கத்துலயே ஒக்காந்துகினு இருக்கேன், எங்கயும் போவல. பாத்துகினுதான் இருக்காரு. எவ்ளோ நேரம் ஆவும்னு எனக்கு தெரியலியே. அவருகிட்டயே குடுக்கவா? தோ குடுக்கறேன். அண்ணா, பேசுங்களேன்.

வெச்சிட்டாரா? தாங்க.

தண்ணி குடிங்கண்ணா. பாட்டில் தோ உங்க பின்னாடி இருக்குது. மூணு வார்த்த பேசினதுக்கே உங்களுக்கு இப்படி வேர்க்குது. இல்ல, ஃபேனு ஓடுது, மேல பாருங்க.

ஒண்ணு கேக்கவா, தப்பா எடுத்துக்க மாட்டீங்களே. நான் வந்ததுல இருந்து வாய் ஓயாம பேசிகினு இருக்கேன். எம் பேரு சொன்னேன். பூமிகா பேரு சொன்னேன், மோனிகா பேரு சொன்னேன். அவர் பேர நான் சொல்லவே இல்ல. அவரு, ஊட்டுக்காரரு, அவ்ளோதான். நீங்க போன காதுல வெச்ச ஒடனே, வணக்கம் தாவீது சார்னீங்க.

போன்ல பேரு வந்துதா? என் போன்ல அவர் பேரு கெடையாது. ஊடுன்னுதான் போட்டு வெச்சிருக்கேன். தோ, பாத்துக்குங்க.

எழுந்துக்காதீங்கண்ணா, ஒக்காருங்க. நான் சண்டைக்கு வரல. இத போட்டது நீங்கதான்னு எனக்கு மாடிப்படி ஏறும்போதே தெரியும். இது ஸ்லோவா இருக்குதுன்னு நான் சொல்ல ஆரம்பிச்சி எவ்ளோ நாளு தெரியுமா? நானே பாத்துக்கறேன், நானே பாத்துக்கறேன்னு தட்டிக் கழிச்சாரு. வேற கடையில குடுத்தா அவன் கண்டுபுடிச்சி என்கிட்டயே சொல்லிடுவான் இல்ல? அப்பால பசங்களோட பேரண்ட்ஸ் எல்லாம் சேந்து, மிஸ், சிஸ்டத்த சரி பண்ணிட்டு சொல்லுங்கன்னு கிளாச நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம் நேத்து ராத்திரி சோத்துல கைய வெச்சிகினு சொல்றாரு, கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனாண்ட மாடியில ஒரு கடை இருக்குது, அங்க மட்டும் எடுத்துகினு போ, வேற எங்கயும் குடுத்துடாத, அவன் நம்ம ஆளுன்னு. நாளெல்லாம் ஊட்டுக்குள்ள வெச்சிருக்கற பொண்டாட்டிய தனியா அனுப்பறாருன்னா, போற எடத்துலயும் அவர் கண்ணு இருக்குதுன்னுதானே அர்த்தம்.

கம்பெனி மெஷினுன்னு சொல்லித்தானே குடுத்தாரு உங்ககிட்ட?

ஓ. பொண்டாட்டி லேப்டாப்புன்னு சொல்லியேதான் குடுத்தாரா.

சரி. உண்மைய சொன்னதுக்கு தேங்க்ஸ்ணா. பொய் சொல்லுவீங்கன்னுதான் நெனச்சிகினு வந்தேன். ஆன்லைன்ல ஏமாத்தறவங்க ஜாஸ்தி, அவளுக்கு வெவரம் பத்தாது, ஒரு பாதுகாப்புக்குன்னு சொன்னாரா? ஆமா, அவருக்கு பேச நல்லா வரும். நீங்களும் நல்ல மனுஷன்னு நெனச்சிதான் போட்டிருப்பீங்க. நானும் நல்ல மனுஷன்னு நெனச்சிதான் கட்டிக்கினேன். உங்கள மட்டும் கொற சொல்ல முடியுமா.

இல்ல, வேணாம். இப்பவே எடுத்துடறேன்றீங்க, எடுத்தா என்ன ஆவும்? செவப்பு புள்ளி. போன் வரும். சாயங்காலம் வருவாரு, ஒண்ணும் கேக்க மாட்டாரு. கொஞ்ச நாள்ல வேற ஒண்ணு வரும், வேற பேருல. இதோட பழக்கமெல்லாம் எனக்கு தெரியும், எப்ப எழும், எப்ப படுக்கும், எதுக்கு கத்தும், எல்லாம். புதுசா வர்றத மறுபடி மொதல்ல இருந்து படிக்கணும். எனக்கு அதுக்கு தெம்பு இல்ல. அதனால நான் உங்கள கேக்கறது நேர் எதிரு. இது ஓடிக்கினே இருக்கட்டும். இந்த டேபிளு மேல, உங்க நெட்டுல, உங்க கரண்டுல, நீங்க போட்டது போட்ட மாதிரியே ஓடட்டும். இதுவரைக்கும் என்ன நடந்துதோ அதையே சாயங்காலம் வரைக்கும் நடக்க உடுங்க, அவ்ளோதான்.

வந்துடுச்சு, கரண்ட் வந்துடுச்சு. பொட்டியில லைட்டு எரியுது. சார்ஜரும் எரியுது. பாத்தீங்களா, அந்த வரி மறுபடி மேல வந்து ஒக்காந்துச்சு. இப்ப அவர் போன்ல பச்ச. நிம்மதியா டீ குடிப்பாரு.

சார்ஜர் எங்கன்னு கேட்டீங்க இல்ல. எடுத்து வெக்கத்தான் வெச்சேன்ணா. மொதல்ல அதத்தான் வெச்சேன். அப்பால சர்டிபிகேட் ஃபைலு உள்ள எறங்கல. ரெண்டு பொடவை, ரெண்டு நைட்டி, ஒரு துண்டு, பைபிளு, இதுக்கே இந்த பேகு இவ்ளோ குண்டா ஆயிடுச்சு. ஃபைலா, சார்ஜரான்னு வந்துது. சார்ஜர எடுத்து கட்டில் மேல வெச்சேன். லேப்டாப்பு கடையில செத்துப் போனா என்ன ஆவும்னு அந்த நேரத்துக்கு யோசிக்கவே இல்ல. ஆட்டோவுல வரும்போதுதான் ஒறச்சுது, பேட்டரி கம்மியா இருந்துதேன்னு. திரும்பிப் போனா மாமியார் பேக தூக்கி பாப்பாங்க. லேப்டாப்பு இவ்ளோ கனமாம்மான்னுவாங்க. அதான் வர்ற வழியெல்லாம் மடியில இத தொறந்து வெச்சிகினு, அந்த செவப்ப பாத்துகினே வந்தேன்.

ஆமாண்ணா. போறேன்.

ஒரு ஸ்கூலு. அங்கயே பொண்ணுங்க ஹாஸ்டல், தங்கிக்க எடம் குடுக்கறாங்க. தமிழ் டீச்சர் வேணும்னு இருந்தாங்க. மோனிகா போன்ல பேசினேன், பாடம் நடத்திக் காட்டச் சொன்னாங்க, நடத்தினேன். அந்த போன்ல நான் ஒருவாட்டி கூட நிக்கல, கொக்கும் இல்ல, கொட்டாவியும் இல்ல. எந்த ஊருன்னு சொல்ல மாட்டேன். கோவத்துல இல்ல. உங்களுக்கு தெரியாதத உங்ககிட்ட இருந்து யாரும் வாங்க முடியாது இல்ல? ஊத்துக்கோட்டைக்கு பஸ்ஸு இருக்குது, மெட்ராஸுக்கு ரயிலு இருக்குது, எதுல போனேன்னு நீங்களே நெனச்சிக்குங்க.

அவர்கிட்ட நீங்க சொல்லிடலாம். இப்பவே கூப்ட்டு சொல்லலாம், எட்டிப் புடிக்கற தூரத்துலதான் இருக்கேன். மொதல்ல கேட்ட ஒடனே தலைய ஆட்டியிருந்தீங்கன்னா எனக்கு சந்தேகம் வந்திருக்கும். யோசிச்சிட்டு சொல்றீங்க, அது போதும். ஆனா தலைய ஆட்டாதீங்க, சொல்ல மாட்டேன்னு வாயால சொல்லுங்க. ஆங்.

அப்ப, பேசி முடிவானத மறுபடி ஒருவாட்டி சொல்லிடறேன், எதுனா உட்டுப்போச்சுன்னா நீங்க சொல்லுங்க. சார்ஜர் சொருகினபடியே இருக்கும். லேப்டாப்ப மூட மாட்டீங்க. நெட்டு போச்சுன்னா உங்க போன்ல இருந்து இழுத்துக் குடுப்பீங்க. என் போன் இது பக்கத்துலயே இருக்கும், அதான் அந்த நம்பருக்கு கூப்ட்டா நான் எடுக்க மாட்டேன்னு மொதல்லயே சொன்னேன். அடிச்சா நீங்க எடுப்பீங்க. இன்னும் ஸ்லோவாதான் இருக்குது சார், பாத்துகினு இருக்கேன்னு சொல்லுவீங்க, அது பொய் இல்ல. நான் எங்கன்னு கேட்டா, கீழ எறங்கிப் போனாங்கன்னு சொல்லுவீங்க, அதுவும் பொய் இல்ல. ஷிஃப்ட்டு உட்டு கம்பெனி பஸ்ஸெல்லாம் இந்த ரோட்டுல திரும்பற வரைக்கும்தான் உங்க பொறுப்பு. அதுக்கப்புறம் அவர் வந்து கேட்டா நடந்தத நடந்தபடி சொல்லிடுங்க. கத்த மாட்டாரு. மெதுவாதான் கேப்பாரு, சாப்ட்டீங்களான்னு கூட கேப்பாரு. அதுக்கு மட்டும் ரெடியா இருங்க. இனிமே யாரு பொண்டாட்டி மெஷினுலயும் இத போட மாட்டேன்னு சொன்னீங்க, அது நான் கேக்காதது, நீங்களா சொன்னது. அதையும் இதோட சேத்துக்கறேன்.

இன்னும் ஒண்ணே ஒண்ணு. உங்களுக்கு வேற கஸ்டமர் வருவாங்க, இதையே பாத்துகினு ஒக்காந்திருக்க முடியாது. மஞ்ச ஆயிடக்கூடாது. உங்க மவுச இதுல சொருகிட்டு, கொஞ்சம் தூக்குங்க. தோ, இதுமேல வெச்சிடுங்க. இல்ல, இன்னும் கொஞ்சம் இப்படி, வெளிச்சம் நேரா முள்ளு மேல படணும். ஆங், பாத்தீங்களா, நடுங்குது.

கல்யாணத்துக்கு எங்கப்பா அவருக்கு போட்ட வாட்ச்சுண்ணா. அவர் கட்டிக்கவே இல்ல, பீரோவுலயே கெடந்துது. புது செல்லு போட்டுதான் கொண்டாந்திருக்கேன், நிக்காது. வந்தாருன்னா அவர்கிட்டயே குடுத்துடுங்க, எனக்கு வேணாம். அதுக்கு முன்னாடி மட்டும் எடுக்காதீங்க. அந்த முள்ளு சுத்திகினு இருக்கற வரைக்கும் நான் இந்த நாற்காலியிலதான் ஒக்காந்துகினு இருக்கேன்.